எந்திரிக்காத கேமரா

"தூங்குதா, செத்துப்போச்சா? ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க."

"தூங்குது சார். எழுப்பினா எந்திரிக்க மாட்டேங்குது."

"அதுக்குப் பேர்தான்யா செத்துப்போறது!" என்றார் மேனேஜர்.

டிரைவர்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் ஓட்டியது வண்டி அல்ல. கணினியின் அடிமட்டத்தில் உட்கார்ந்து, பேட்டரி மிச்சமாகும்படி கேமராவைத் தூங்கவைத்து, வேண்டும்போது எழுப்புகிற மென்பொருளுக்கும் டிரைவர் என்றுதான் பெயர். கேமரா பொருத்திய ஒரு சர்க்யூட் போர்டில் அதை எழுதிச் சோதிப்பவர் அவர். தூங்கவைக்கிற பாதி பிரமாதமாக வேலை செய்தது.

"சாயங்காலம் வாடிக்கையாளர் வர்றாங்க. அதுக்குள்ள எந்திரிக்கலேன்னா, கேமராவோட நீங்களும் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். நல்லவேளை, பக்கத்து சீட்டுப் பொண்ணோட போர்டு கல்லு மாதிரி நிக்குது. மானம் போகாம அதையாவது காட்டலாம்."

எழுந்திருக்கக் கொஞ்சம் அவகாசம் கொடுத்துப் பார்த்தார் டிரைவர்காரர். கேமராவுக்காகக் காத்துக் காத்து, அவருடைய போர்டு முழுவதுமே உறைந்தது. ரீசெட் செய்து எழுப்பச் சொல்லி எழுதினார். கேமரா என்று ஒன்று இருந்ததையே போர்டு மறந்துவிட்டது.

மனைவி போனில் வந்தாள். "ஏங்க, இன்னைக்காவது நேரத்துக்கு வருவீங்களா?"

"எழுப்பிட்டு வந்துடறேன்."

"வீட்ல பிள்ளையைத் தூங்கவைக்கத் தெரியல, அங்க கேமராவை எழுப்பத் தெரியல. எதுக்குத்தான் உங்களுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க?"

அதையேதான் மேனேஜரும் யோசித்துக்கொண்டிருந்தார்.

கடைசி வழி, மின்சாரத்தையே வெட்டி விடுவது. போர்டுகள் எல்லாம் பூட்டிய ஆய்வறையில் இருந்தன. நேற்றுதான் எலக்ட்ரீஷியன் வந்து அங்கிருந்த வயர்க்காட்டை ஒழுங்குபடுத்திவிட்டுப் போயிருந்தார். இருக்கையிலிருந்தே பொத்தானை அழுத்தினால் அங்கே அவரவர் போர்டுக்கு மட்டும் கரண்ட் போய்த் திரும்பி வரும்.

"எந்திரி!" என்று அழுத்தினார். திரை அசையவில்லை.

"எந்திரிடா ராஜா!" அசையவில்லை.

"எந்திரிச்சுத் தொலையேன், சனியனே!"

மேனேஜர் ஓடிவந்தார். "கரண்ட்டை வெட்டியுமா அப்படியே கிடக்கு?"

"அணையக்கூட மாட்டேங்குது சார்."

"செத்தும் பிடிவாதமா?"

அழுத்தி அழுத்தி விரல் ஓய்ந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை தானாகவே வெட்டி விடும்படி எழுதி ஓடவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்துக்கொண்டார். தன் பேச்சைக் கேட்க இந்த உலகத்தில் ஒரு ஜடம்கூட இல்லை என்று தோன்றியது. ஜன்னலுக்கு வெளியே மேகங்கள் யாரும் எழுப்பாமலே நகர்ந்துகொண்டிருந்தன.

லிஃப்ட் திறந்தது. வாடிக்கையாளரை வரவேற்கிற மேனேஜரின் சிரிப்பு வராந்தாவில் கேட்டது. "வாங்க வாங்க, கல்லு மாதிரி ஒண்ணு வச்சிருக்கோம்!"

டிரைவர்காரர் தலையைத் தூக்கினார். பக்கத்து சீட்டுப் பெண் கண்கள் சிவக்க நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணா, காலையில நீங்க 'எந்திரி'ன்னு கத்துறப்பல்லாம் என் போர்டு அணைஞ்சு அணைஞ்சு வந்துச்சு. இப்ப நிமிஷத்துக்கு ஒரு தடவை சாகுது. நேத்து வயரை மாத்தி மாட்டிட்டாரோ என்னவோ... ரீசெட்னா நீங்கதான் கில்லாடியாமே, கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?"