ஆறாம் நம்பர் கிரேனும் ஓதிய தண்ணீரும்

திருகோணமலை,
1945 யூலை 9.

மூதூரில் இருக்கும் அன்புள்ள மச்சான் அபூதாஹிர் அவர்களுக்கு முஹம்மது தம்பி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உங்கள் தங்கை நஜ்முன் நிஸாவும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். அங்கே நீங்களும் வயலும் மாடுகளும் சுகமாயிருக்க துஆச் செய்கிறோம்.

என் முழங்கால் வலிக்கென்று லெப்பையிடம் ஓதுவித்து நீங்கள் அனுப்பிய தண்ணீரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். மச்சான், வலி போய்விட்டது. இரண்டு கிழமை, சுபஹு தொழுததும் ஒரு மிடறு, அவ்வளவுதான். உங்கள் கிணற்றின் உவர்ப்புக்கூட ஓதலிலே கழன்றுபோய், வாயில் வைத்தால் ஒரு ருசியும் இல்லை. அந்த அதிசயத்தை உங்கள் தங்கையிடம் தினமும் சொன்னேன்.

துறைமுகத்தில் என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆறாம் நம்பர் கிரேனின் பற்றறியைப் பார்த்துக்கொள்வது. காலையில் ஏணியில் ஏறி, மேலே படிந்த தூசியையும் அசிட் ஈரத்தையும் துடைத்து, முனைகளுக்குக் கிறீஸ் பூசி, ஆறு மூடிகளையும் திறந்து, உள்ளேயிருக்கும் தகடுகள் மூழ்கும் மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீர் ஊற்ற வேண்டும். கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டுப் பட்டாலும் தகடு கெட்டுவிடும் என்று மூன்று வருடமாக நான் சொல்லாத ஆள் இங்கே இல்லை. கிரேன் ஓட்டும் கதிரவேல், சல்லி ஊர்க்காரன், ஒருநாள் கை கழுவிய வாளியோடு பக்கத்தில் வந்ததற்கே நாலு நாள் அவனோடு கதைக்கவில்லை. உங்கள் தங்கை அந்தக் கிரேனை “உங்கட மூத்த பொஞ்சாதி” என்றுதான் சொல்வாள். நான் மறுப்பதில்லை.

நாற்பத்திரண்டு சித்திரையில் யப்பான்காரன் குண்டு போட்ட அன்று ஊரெல்லாம் ஓடியது. நானும் ஓடினேன், உண்மையைச் சொன்னால் எனக்கு முன்னால் ஓடியவர்கள் குறைவு. உங்கள் வீட்டில் ஒன்பது நாள் சோறு தின்றுவிட்டுத் திரும்பி வந்தால், எரிந்த கொட்டில்களுக்கு நடுவே மூத்தவள் மட்டும் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். தண்ணீர் ஊற்றினேன், கதிரவேல் பிடியை இழுத்தான், ஒரே இழுவையில் எஞ்சின் பிடித்தது. இரண்டு பேரும் அழுதோம். அதன் பிறகு எத்தனை கப்பல், எத்தனை மூட்டை, அவள் நிழலில் குந்தியிருந்து குடித்த தேத்தண்ணீர் எத்தனை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனம் கரைகிறது மச்சான்.

இப்போது புதுக் கிரேன்கள் வந்துவிட்டன. போன மாதம் துறைமுகத்து வெள்ளைக்காரத் துரை வந்து, சனிக்கிழமை சோதிப்பேன், முதல் இழுவையில் பிடிக்காவிட்டால் கடலில் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். பற்றறியோ என்னைப் போலத்தான், காலையில் எழும்ப முனகும்.

“முஹம்மது காக்கா, இது ஏலாது. கடலுக்குத்தான் போகப்போகுது,” என்றான் கதிரவேல்.

எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் கிழமைதான் உங்கள் போத்தல் வந்தது. அதன் கழுத்தில் லெப்பை கட்டியிருந்த நூலை அவிழ்த்து, கிரேனின் பிடியில் கட்டினேன். என் முழங்காலைவிட அவளுக்குத்தான் அவசரம்.

“நானும் அம்மன் கோயில் திருநீறு பூசியிருக்கிறன் காக்கா. ரெண்டும் கிடக்கட்டும்,” என்றான் அவன்.

சனிக்கிழமை துரை கடிகாரத்தோடு நின்றார். முதல் இழுவையிலேயே பிடித்தது மச்சான், நாற்பத்திரண்டில் கேட்ட அதே சத்தம். கடலில் தள்ளும் பட்டியலிலிருந்து துரை ஆறாம் நம்பரை வெட்டிவிட்டார். நான் மார்தட்டிக்கொண்டு, “சுத்தமான தண்ணி, துரை. வேறொண்டுமில்ல,” என்றேன். பிறகு ஏணியில் நாலு தரம் ஏறி இறங்கிக் காட்டினேன். முழங்கால் மூச்சு விடவில்லை.

மாமிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் ஸலாம். லெப்பையிடம் என் நன்றியைத் தவறாமல் சொல்லுங்கள். அல்லாஹ் உங்கள் விளைச்சலில் பரக்கத் செய்வானாக.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்
முஹம்மது தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் கிரேனின் தண்ணீர்ப் போத்தலைக் கழுவப் போனேன். அடியில் ஒரு மிடறு கிடந்தது. தாகத்தில் வாயில் விட்டேன். உவர்த்தது மச்சான். உங்கள் கிணறேதான். இரண்டும் ஒரே மாதிரி மருந்துப் போத்தல், அன்று பக்கத்தில் பக்கத்தில் நின்றவை. நூலை அவிழ்த்த பிறகு எது எதுவென்று நான் பார்க்கவில்லை. இரண்டு கிழமையாக அவள் தண்ணீரை நான் குடித்திருக்கிறேன், என் தண்ணீரை அவள் குடித்திருக்கிறாள். கதிரவேலிடம் சொல்லவில்லை. லெப்பையிடம் நீங்களும் சொல்ல வேண்டாம். இதை எழுதும்போதே முழங்கால் மறுபடி வலிக்கிறது. ஆனால் அடுத்த மாதமும் துரை சோதிக்க வருகிறார். ஆகையால் இன்னொரு போத்தல் ஓதுவித்து அனுப்புங்கள். எனக்கல்ல, மூத்தவளுக்கு.