ஏழாம் மாடி ஒத்திகை

மலை உச்சியில் இருக்கிற அந்த நகரத்துக்குப் போயே தீருவது என்று மனைவி முடிவெடுத்தாள். போகாமலே இருந்து தீருவது என்று லிஃப்ட் மெக்கானிக் முடிவெடுத்தார்.

மகள் கல்யாணமாகிப் போன பிறகு, ஏழாம் மாடியில் இருந்த அந்த வீட்டில் டிவி மட்டும்தான் பேசும். இவர்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். அது சகிக்காமல்தான் அவள் பயணம் கேட்டாள். கண்ணாடிக் கூரை போட்ட ஓட்டல் அறை, படுத்தபடியே பனிமலை பார்க்கலாம். வாடகையைக் கேட்டதும் மெக்கானிக்குக்குச் சமவெளியிலேயே மூச்சு முட்டியது. சிக்கனம் என்று அவர் சொல்லிக்கொள்வார். கஞ்சத்தனம்தான்.

"அவ்வளவு உயரத்துல காத்தே கிடையாதும்மா. உனக்குத் தாங்காது."

"எனக்கா?"

"ஒத்திகை பாத்துடலாம். ஒரு மாசம் படியில ஏறு. மூச்சு இளைக்காம ஏறிட்டா, நம்ம ரெண்டு பேர் டூர் செலவுல பாதியை உடனே கையில குடுக்கறேன்."

"நீங்க?"

"என் பொழப்பே உயரத்துலதானே!"

அவள் ஏமாற்றிவிடக் கூடாதே என்று கட்டடத்து லிஃப்டையே நிறுத்தி, 'ரிப்பேர்' என்று அட்டையும் மாட்டினார். லிஃப்ட் நின்றால் தானும் ஏற வேண்டும் என்பது மட்டும் அந்த மூளைக்கு எட்டவில்லை.

நாலாம் மாடி வந்தால் உட்கார்ந்துவிடுவார். கால் கெஞ்சும், நெஞ்சு மிஞ்சும். மேலே எங்கேயோ சிரிப்புச் சத்தம் கேட்கும். அவள் சிரிப்புதான். லிஃப்டுக்குள் முகம் பார்க்காமல் போய் வந்த ஜனமெல்லாம் இப்போது படியில் நின்று பேசியது. மூணாம் மாடித் தையல்காரம்மா அவளுக்கு அக்காவாகவே ஆகிவிட்டாள். மெக்கானிக்கிடம் யாரும் பேசவில்லை. லிஃப்டைச் சரிபண்ணத் துப்பில்லாதவரிடம் யார் பேசுவார்கள்? வீட்டில் டிவி பேசியது. இப்போது கேட்க ஓர் ஆள்தான்.

மாதம் முடிந்தது. அவள் இளைக்காமல் வந்து கையை நீட்டினாள். வேறு வழியில்லை, கொடுத்தார்.

"கண்ணாடிக் கூரை ரூமே போட்டாச்சுங்க."

"இந்தப் பணத்துலயா? அது ஒரு ஆளுக்குத்தானே காணும்?"

"மீதியைத் தையல்காரக்கா போடறாங்க. அவங்களும் நானும் போறோம்."

அந்தச் சிரிப்பும் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன இருக்கிறது?

"நானும் வரேன். என் பாதியையும் போட்டுடறேன்."

இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரும் என்று அவரே நினைத்ததில்லை.

"நாலாம் மாடியிலேயே உக்காந்துடறீங்க. அங்க காத்தே கிடையாதாமே, உங்களுக்குத் தாங்குமா?"

அவள் பெட்டியை வாசலில் வைத்தாள்.

"அந்த அட்டையைக் கழட்டிட்டு லிஃப்டை ஓட விடுங்க. இவ்வளவு கனத்தைத் தூக்கிட்டு யாரு படியில இறங்கறது?"