பாசி அங்கிள் கொடுத்த இலைகள்

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே செடியோடு சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த ஒரே மனிதர் பாசி அங்கிள்தான். பூக்கவில்லை என்று ஒரு செடியிடம் அவர் ஒரு வாரம் முகம் கொடுக்காமல் இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அடுக்குமாடியில் எனக்குப் பக்கத்து வீடு. ஓய்வுபெற்ற லோரி ஓட்டுநர். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டுமே தெரியும். லோரியை நிறுத்திய இடத்திலெல்லாம் ஓடையில் இறங்கி, தண்ணீருக்கடியில் வளரும் செடிகளைப் பிடுங்கி வந்து, ஐஸ்கிரீம் டப்பாக்களில் நட்டு, நடைபாதை முழுக்க அடுக்கியிருந்தார். நான் வீட்டுக்குப் போவதற்குள் நான்கு டப்பாவையாவது தாண்ட வேண்டும்.

காஜாங் ஓடையில் எடுத்த செடியும் கிள்ளான் சதுப்பில் எடுத்த செடியும் வேறு வேறு இனம் என்பது அவருடைய தீராத வாதம். எனக்கோ இரண்டும் அச்சு அசல் ஒன்று.

"நல்லா பாருங்க தம்பி. காஜாங்காரி மூஞ்சே வேற."

"செடிக்கு ஏது அங்கிள் மூஞ்சி?"

"உங்களுக்கு கண்ணாடி மாத்தணும் லா!"

அந்த நேரம் பார்த்து டெங்கி வந்தது. இரண்டு மாதத்தில் டப்பாக்கள் எல்லாம் போக வேண்டும் என்று அடுக்குமாடி நிர்வாகம் கடிதம் ஒட்டியது. அவருடைய மனைவி, எங்களுக்கெல்லாம் ஆன்டி, அன்றைக்கே கறுப்புக் குப்பைப் பைகளோடு கிளம்பிவிட்டார். அங்கிள் குறுக்கே நின்றார்.

"சோதனை பண்ணிப் பாப்போம். ரெண்டும் ஒண்ணுன்னு வந்தா நானே எல்லாத்தையும் கொட்டிடறேன்."

என் தோழி பரிமளா ஒரு பல்கலைக்கழகத்தில் நீர்ச்செடிகளின் மரபணுவை ஆராய்பவள். "கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், மரபணுவ படிச்சா உள்ள ரெண்டு இனம் ஒளிஞ்சிருக்கும். அங்கிள் சொல்றத சும்மா தள்ள முடியாது" என்று இலைகளைக் கேட்டாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மூன்று வாரத்தில் போன் வந்தது. "டேய், ரெண்டுலயும் மஞ்சள்தான் வருது! இலைய குடுத்தீங்களா, குழம்ப குடுத்தீங்களா?"

விசாரித்தேன். அங்கிள் அசரவில்லை. "நல்ல காரியத்துக்குப் போவுது. மஞ்சத்தண்ணி தெளிக்காம எப்படி அனுப்புறது?" ஆன்டி சிரித்த சிரிப்பு லிஃப்ட் வரை கேட்டது.

அடுத்த முறை பரிமளாவே வந்தாள். கையுறை மாட்டி, ஒரு டப்பா விடாமல் இலை கிள்ளினாள். அங்கிளைத் தொடவே விடவில்லை. பிரசவ அறை வாசலில் நிற்கிற மாப்பிள்ளை மாதிரி அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முடிவு வந்தது. நடைபாதையில் போனை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"சாரி அங்கிள். காஜாங்கும் கிள்ளானும் ஒரே இனம்தான்."

அங்கிள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாகிவிட்டது. இத்தனை நாள் கிண்டலடித்தவன் அன்றைக்கு என்னையே திட்டிக்கொண்டேன். அவர் முதல் டப்பாவைத் தூக்கினார்.

"இருங்க, இருங்க! இன்னும் முடிக்கல. கிள்ளான் டப்பாங்களுக்குள்ள வேற ஒண்ணு கலந்து நிக்குது. மரபணு எதோடயும் ஒத்துப்போகல. புது இனமா இருக்கலாம், இன்னும் பாக்கணும்."

"எந்த டப்பாம்மா?" என்று போனை நோக்கிக் குனிந்தார் அங்கிள்.

"இலைங்க மேல நம்பர் போட்டேன், டப்பா மேல போட மறந்துட்டேன். பாத்தும் கண்டுபிடிக்க முடியாது. திரும்ப எடுக்கிற வரைக்கும் ஒண்ணையும் கொட்டிடாதீங்க!"

ஆன்டி கையிலிருந்த குப்பைப் பையைப் பார்த்தார், டப்பாக்களைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கொசுவலையையும் கத்திரிக்கோலையும் எடுத்து வந்தார். மறுநாளுக்குள் எல்லா டப்பாவுக்கும் வலை மூடி தைத்தாகிவிட்டது. நிர்வாகம் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனது.

அங்கிள் மட்டும் தரையில் உட்கார்ந்து டப்பா டப்பாவாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா என் கையால தண்ணி ஊத்தியும் உன்ன தெரியாம போச்சே, மன்னிச்சிரும்மா" என்றார். எந்தச் செடியிடம் சொல்கிறோம் என்று தெரியாததால், எல்லாவற்றிடமும் தனித்தனியாகச் சொன்னார்.

பரிமளா திரும்ப இலை எடுக்க வருவதற்குள் நான் பூச்சோங்குக்கு வீடு மாறினேன். காரில் ஏறியதும் அங்கிள் ஒரு டப்பாவை என் மடியில் வைத்தார். "இது யாருன்னு எனக்கே தெரியாது தம்பி. மரியாதையா வச்சுக்குங்க."

வைத்திருக்கிறேன் அங்கிள். தினமும் காலையில் வணக்கம்கூடச் சொல்கிறேன்.