நில்யாஹா நூலகம் எரிந்த வரலாறு

ஒரு மனிதனின் விடுதலைக்கு விலை: தலையணை உறை ஒன்று, தேநீர்க் குவளை ஒன்று, கையெழுத்து பன்னிரண்டு. உலகில் வேறெங்கும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. பனிவெளிக்கு நடுவே நில்யாஹா எண்ணெய் வயலில் அறுபது நாள் தற்காலிக மின்பணியாளனாக இருந்தவன் சொல்கிறேன்.

எங்கள் நிர்வாகத்தின் மகத்தான படைப்பு ‘சுற்றுத்தாள்’. வேலை முடித்து ஊர் திரும்புகிறவன் பன்னிரண்டு பிரிவுகளையும் சுற்றிவந்து, ‘இவரிடம் எங்களுக்கு நிலுவை ஏதுமில்லை’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். தாள் நிறைந்தால்தான் ஹெலிகாப்டரில் இடம். எண்ணெய் எந்தத் தாளும் இல்லாமல் குழாய்வழியே ஊரைவிட்டுப் போய்விடுகிறது. மனிதனை அப்படி விட முடியுமா?

வியாழக்கிழமை நண்பகலுக்குள் பதினொரு கையெழுத்து சேர்த்துவிட்டேன். ஹெலிகாப்டர் இரண்டு மணிக்கு. சனிக்கிழமை என் ஊரான கசானில் என் மகள் ஃபிரூசாவுக்கு நிக்காஹ். அடுத்த ஹெலிகாப்டர் அடுத்த வியாழன். பன்னிரண்டாவது கட்டத்தில் ‘நூலகம்’ என்றிருந்தது.

விடுதிக் காப்பாளர் ஜினா அத்தையிடம் ஓடினேன்.

“அத்தை, இங்க நூலகமே இல்லையே!”

“இல்லாட்டி என்ன? நீ அதுக்குப் பாக்கி வைக்கலேன்னு யாராவது எழுதித் தரணுமில்ல?”

“போன தடவை ஊருக்குப் போனவங்களுக்குச் சமையக்காரர்தானே போட்டாரு?”

“போன மாசம் ஆய்வுக்காரங்க வந்து, சூப்பு கிண்டுறவன் எப்படிடா நூலகர் ஆவான்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப நூலகர் பதவி காலி. தலைவரைப் போய்ப் பாரு.”

வயல் தலைவர் புரோகோர் சவேலியேவிச் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பணிமுறையும் அன்றோடு முடிகிறது, அதே ஹெலிகாப்டர். நல்ல மனநிலையில் இருந்தார். கோடைவீட்டில் புதிதாகக் கட்டிய நீராவிக் குளியலறையின் படத்தைக் காட்டினார். பிறகு ஐந்தே நிமிடத்தில் ‘நிர்வாக வரலாற்றில் முன்னுதாரணமற்ற’ முடிவொன்றை எடுத்தார்.

“உன்னையே அரை மணி நேரத்துக்குப் பொறுப்பு நூலகரா நியமிக்கிறேன். உனக்கு நீயே கையெழுத்துப் போட்டுக்க. போதுமா, இல்தூஸ்?”

நான் நெகிழ்ந்துபோனேன். அறுபது நாள் கம்பியைப் பிடித்தவனுக்கு இலக்கியம் கைவந்துவிட்டது! எனக்கு நானே கையெழுத்துப் போட்டு, எனக்கு நானே நன்றி சொல்லி, அத்தையிடம் தாளை நீட்டினேன்.

நிறைந்த தாளுக்குக் கடைசி முத்திரை குத்துவது அத்தைதான், ஆனால் அவள் முத்திரையை எடுக்கவில்லை.

“இது மின்பணியாளருக்கு. நூலகர் எப்படிக் கிளம்புவாரு? இருப்பை ஒப்படைக்காம?” அலமாரியிலிருந்து தடித்த பதிவேட்டை எடுத்து மேசைமேல் போட்டாள். “மூணு வருசத்துக்கு முன்னாடி வாங்கினது, நானூத்திப் பன்னிரண்டு புத்தகம். எட்டு லட்சம் ரூபிள். எண்ணிக் குடுத்துட்டுப் போ.”

“எங்க இருக்கு?”

“வாங்கினவரைக் கேளு.”

பதிவேட்டின் கடைசி வரியில், ‘அனைத்தும் பெற்றுக்கொள்ளப்பட்டன’ என்பதற்குக் கீழே, புரோகோர் சவேலியேவிச்சின் அழகிய கையெழுத்து இருந்தது.

மணி ஒன்று இருபது. வேறொருவனாக இருந்தால் அழுதிருப்பான். நான் கசான் சந்தையில் தொப்பி விற்கும் குடும்பத்தில் பிறந்தவன். வாங்க வந்தவரின் அவசரம் என்னவென்று தெரியாமல் நாங்கள் விலை பேசுவதில்லை. பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலைவரிடம் போனேன்.

“தலைவரே, உங்க சுற்றுத்தாள்ல பன்னிரண்டாவது கட்டம் காலியா இருக்குமே?”

“ஆமா, போடு. சீக்கிரம்.”

“போடலாம். ஆனா பொறுப்பு நூலகரா எனக்கு ஒரு சங்கடம். கணக்குப்படி நானூத்திப் பன்னிரண்டு புத்தகம் கடைசியா உங்க கையிலதான் இருக்கு.”

அவர் முகம் வெளியே கிடந்த பனியின் நிறத்துக்கு வந்தது. “என்ன வேணும் உனக்கு?”

“ரெண்டு மணி ஹெலிகாப்டர்.”

அவர் கதவைச் சாத்தினார். “எழுது. நேற்று நூலகத்தில் தீ விபத்து. அனைத்தும் சாம்பல். காரணம், மின்கசிவு.”

“மின்கசிவா? மின்பணியாளன் நானாச்சே! அது கட்டாது, தலைவரே.”

“சரி, சிகரெட்.”

“அப்படின்னா யார் சிகரெட்டுன்னு கேப்பாங்க. அடுப்புப் பொறின்னு முடிச்சுக்குவோம்.”

“நூலகத்துல ஏதுடா அடுப்பு?”

“நூலகமே இருக்கும்போது அடுப்பு இருக்காதா?”

பொறி என்று விலை முடிந்தது. அறிக்கையில் கண்கண்ட சாட்சியாகவும் தலைவரின் தாளில் நூலகராகவும் நானே கையெழுத்துப் போட்டேன். எரிந்த நூலகம் ரத்து, ரத்தான நூலகத்தின் நூலகரும் ரத்து. அத்தை அறிக்கையை இரண்டு முறை வாசித்தாள்.

“நாப்பத்தோரு டிகிரி குளிரு. இப்படி ஒரு தீ எரிஞ்சிருக்கு, எனக்குக் கதகதப்பாக்கூடத் தெரியலயே!” என்றபடி முத்திரையை ஓங்கிக் குத்தினாள்.

ஹெலிகாப்டரில் தலைவர் எனக்குச் சன்னலோர இடம் தந்தார். வழியெல்லாம் வாசிப்புப் பழக்கம் குறைந்துவருவதைப் பற்றி வருந்தினார். நானும் சேர்ந்து வருந்தினேன். சனிக்கிழமை ஃபிரூசாவின் பக்கத்தில் புதுத் தொப்பியோடு உட்கார்ந்திருந்தேன்.

இத்தகைய நிர்வாகத்தில் கணக்கு உதைக்காது என்பதற்கு, அந்தப் பதிவேட்டுக்கு நான் மனத்துக்குள் எழுதிக்கொண்ட கடைசிப் பக்கம் சான்று:

வாங்கியது 412. வந்தது 0. எரிந்தது 412. மீதி இல்லை.

தீயைக் கண்ணால் கண்ட சாட்சி, ஒருவர். நிக்காஹுக்கு வந்துசேர்ந்த அப்பா, ஒருவர். கூட்டிப் பார்த்தால் ஒரே ஆள்.