முப்பத்தாறு சிப்பாயும் ஒரு பாக்குவெட்டியும்

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய இடத்தில் அதைத் திறப்பதில் எனக்குத் தனித் திறமை உண்டு. என் மகள் நிவேதாவின் நிச்சயத்தன்று அது உச்சத்தைத் தொட்டது.

மாப்பிள்ளை வீடு தொண்டாமுத்தூர்ப் பக்கம், தென்னந்தோப்புக்குள். நாலரைக்கு ராகுகாலம், அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். மறுநாள் ஆடி. ஆடி முடிவதற்குள் மாப்பிள்ளை ஜெர்மனிக்குப் போய்விடுவார், திரும்பி வர இரண்டு வருடமாகும். "அப்பா, சாப்பிடுங்க, சிரிங்க. அதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்" என்று நிவேதா காரிலேயே கண்டிஷன் போட்டிருந்தாள்.

சாப்பிட்டேன். சிரித்தேன். மணி இரண்டுதான் ஆகியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா சென்னியப்பன் செஸ் போர்டை எடுத்து வந்து, "ஒரு ஆட்டம் போடலாமுங்களா?" என்றார்.

"இதெல்லாம் பழசுங்க சம்பந்தி. இப்பப் புதுசா ஒண்ணு இருக்குது. உங்களுக்கு வழக்கமான படை. எனக்கு ராஜாவே கிடையாது, முப்பத்தாறு சிப்பாய் மட்டும். நான் உங்க ராஜாவை மடக்கோணும். நீங்க என்ர சிப்பாய் அத்தனையும் வெட்டிப்போடோணும்."

(நான் அதை ஆடியதே இல்லை. போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதுவும் பாதி.)

"வெள்ளைச் சிப்பாய் எட்டுத்தானுங்க இருக்குது?"

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. இரண்டு வீட்டுத் தாம்பூலத் தட்டுகளிலும் இருந்த கொட்டைப்பாக்கை வழித்தெடுத்து எண்ணினேன். சரியாக இருபத்தெட்டு! தெய்வமே ஆடச் சொல்கிறது என்று நினைத்தேன்.

வீடியோ சொன்ன உபாயம் எளிமையானது. சிப்பாய்கள் தோளோடு தோள் நிற்க வேண்டும். சந்து விடக்கூடாது. முக்கியமாக, எதிராளியின் யானை நம் முதுகுப் பக்கம் போய்விடக்கூடாது, ஏனென்றால் சிப்பாய்க்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது. நானோ ஒரு பாக்கை ராணியாக்கும் ஆசையில் ஓரத்தில் தனியாக ஓடவிட்டேன். சந்து விழுந்தது.

சென்னியப்பன் முதல் பாக்கை வெட்டினார். நிஜமாகவே வெட்டினார். மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து நறுக்கென்று இரண்டாக்கி, வெற்றிலையோடு வாயில் போட்டுக்கொண்டு, "வெட்டிப்போட்டனுங்க!" என்றார். அடுத்தடுத்து வெட்டியதைச் சுற்றி நின்ற பங்காளிகளுக்குப் பகிர்ந்தார். என் படை கரையக் கரைய அவர்கள் வாய் சிவந்தது. நாலு மணிக்கு அவருடைய யானை என் கடைசி வரிசைக்குள் இறங்கியது.

"ஐயய்யோ! யானை பூந்துருச்சுங்க! பின்னாடி பூந்துருச்சு!" என்று அலறினேன்.

காட்டு யானை இறங்கும் தொண்டாமுத்தூரில் அந்த வாக்கியத்துக்கு யாரும் விளக்கம் கேட்பதில்லை. பின்கட்டில் தகரம் அடித்தார்கள். தோப்பில் பட்டாசு வெடித்தது. தட்டு மாற்றிக் கொடுக்க வேண்டிய மாப்பிள்ளையின் தாய்மாமன், பட்டு வேட்டியோடு தண்ணீர்த் தொட்டி மேல் ஏறிவிட்டார். எழுபது வயதில் அவர் ஏறியதை இன்றுவரை யாராலும் நம்ப முடியவில்லை.

சென்னியப்பன் மட்டும் அசையவில்லை. "இது நம்ம யானைங்க. உங்க நடைங்க சம்பந்தி."

தாய்மாமனை ஏணி வைத்து இறக்கும்போது மணி நாலு இருபது. என் மனைவி சாந்தாமணி தட்டோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, இதுல இருந்த பாக்கு எங்கீங்க?"

நான் பங்காளிகளின் வாயைப் பார்த்தேன். அவர்கள் தென்னை மரத்தைப் பார்த்தார்கள்.

"பாக்கு இல்லாமத் தட்டு மாத்தற பழக்கம் நம்மகிட்ட இல்லீங்க" என்றார் தாய்மாமன், மூச்சு வாங்கியபடி. கடைக்குப் போய்வர அரை மணி நேரம். நிவேதா அழவில்லை. என்னைப் பார்த்தாள். அழுதிருக்கலாம்.

சென்னியப்பனின் யானை மேய்ந்தது போக, என் படையில் ஒரே ஒரு பாக்கு போர்டில் மிச்சமிருந்தது. நான் ஓடவிட்ட அதே பாக்கு. சாந்தாமணி அதைப் பொறுக்கினாள்.

"அம்மணி, தொடாதே! இன்னொரு அடி வெச்சா அது ராணி!"

"மொதல்ல எம்புள்ளைக்குக் கல்யாணமாகட்டும். அப்பறம் உங்க பாக்கு ராணியாகட்டும்."

சென்னியப்பன் அதை வாங்கி இரண்டாக நறுக்கி, தட்டுக்குப் பாதியாக வைத்தார். மணி நாலு இருபத்தெட்டு.

"வெட்டிப்போட்டனுங்க சம்பந்தி. ஆட்டமும் முடிஞ்சுது, நிச்சயமும் முடிஞ்சுது."

இப்போதும் நான் சம்பந்தி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் உள்ளேயிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள்:

"பாக்கை எடுத்து ஒளிச்சு வைங்க, யானை வந்துருச்சு!"