பம்பை அடக்கிய வீரர்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருளைக் கண்டால் கை நமநமவென்று அரிக்கிற மனிதர்கள் உண்டு. ‘இன்னும் கொஞ்சம்’ ஆசாமிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வசதிக்காக ஒருவரைப் பிடித்து வந்திருக்கிறேன். பூகோள வாத்தியார். பரம சாது.

கணினி சூடேறாமலிருக்க மற்றவர்கள் உள்ளே விசிறி வைப்பார்கள். இவர் குழாய் போட்டு, தண்ணீர் நிரப்பி, அதைச் சுற்றிச் சுற்றித் தள்ள ஒரு குட்டிப் பம்பும் வைத்திருந்தார். அந்தப் பம்பு ‘ம்ம்ம்’ என்று முனகும். அவ்வளவுதான் அதன் குற்றம். வீட்டில் வேறு யார் காதிலும் அது விழுந்ததில்லை. வாத்தியாருக்கோ சம்பந்தி வீட்டார் குறை சொல்வதுபோல் ஓயாமல் கேட்டது. வேகத்தைக் குறைத்தார், தண்ணீர் சுட்டது, கூட்டினார், முனகியது, சூட்டுக்குத் தக்கபடி தானே ஏறி இறங்கட்டும் என்று திரையில் ஒரு கோடு வரைந்து கொடுத்தார், அதை வளைத்தார், நிமிர்த்தினார், அழித்துவிட்டு மறுபடி வரைந்தார். அந்தக் கணினியில் அவர் வேறென்னதான் செய்தார் என்கிறீர்களா? அது எவ்வளவு சூடாக இருக்கிறது என்று அதிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவி மொழிபெயர்ப்பாளர். தையல் இயந்திரக் கையேடு ஒன்று அன்று மாலை ஆறு மணிக்குள் கம்பெனிக்குப் போய்ச் சேர வேண்டும்; தவறினால் இனி அவர்கள் இந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். கடைசிப் பக்கங்களை அந்த அம்மாள் அதே கணினியில் தட்டிக்கொண்டிருக்கையில் வாத்தியார் பின்னால் வந்து நின்றார்.

“கொஞ்சம் ஒரே சீரா தட்டேன். வேகமா அடிக்கிறே, யோசிக்கிறே, மறுபடி வேகமா அடிக்கிறே. பம்பு குழம்பிப் போகுது.”

“யோசிக்காம எப்படிங்க மொழிபெயர்க்கிறது?”

வாத்தியார் குனிந்து பம்பின் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்தார். அப்புறம் இன்னும் கொஞ்சம்.

முனகல் அறவே நின்றது. பெட்டியின்மேல் காதை வைத்துப் பார்த்தார். தம் கைக்கடிகாரத்தின் சத்தம்தான் கேட்டது. கண்ணில் நீர் முட்டிவிட்டது மனிதருக்கு. இந்த ஆனந்தத்தைத் தனியாக அனுபவிக்க மனம் வருமா? கீழ்த்தளத்துப் பல் டாக்டரைக் கையோடு அழைத்து வந்தார். டாக்டர் நுனிக்காலில் நடந்து வந்து, பெட்டியின் முன் பயபக்தியோடு நின்று, நெடுநேரம் உற்றுக் கேட்டார்.

“சார், அது ஓடுதா?”

திரை குப்பென்று இருண்டது. பம்பு எப்போதோ நின்றுவிட்டிருந்தது. கணினி சூடு தாங்காமல் தன்னைத் தானே அணைத்துக்கொண்டுவிட்டது.

அந்த அம்மாள் கட்டிய கணவரை நன்றாக அறிந்தவர். முடிந்த பக்கங்களையெல்லாம் அவ்வப்போது பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தார். அதை உருவிக்கொண்டு டாக்டரின் கிளினிக்குக்கு ஓடினார். அங்கிருந்த கிழட்டுக் கணினி லாரிபோல் உறுமியது. உறுமினால் என்ன? அம்மாள் படபடவென்று தட்டினார். பின்னாலேயே வந்த வாத்தியார் நெளிந்தார்.

“டாக்டர், இந்த விசிறியை மட்டும் இன்னும் கொஞ்சம்...”

“டாக்டர், இவர் வாயைக் கொஞ்சம் பாத்துக்குங்க,” என்றார் அம்மாள், திரும்பாமலே.

டாக்டர் புரிந்துகொண்டார். வாத்தியாரை நாற்காலியில் சாய்த்து, இரண்டு கன்னத்திலும் பஞ்சை அடைத்தார். வாய் அடைபட்டது, கை சும்மா இருக்குமா? நாற்காலியின் ஓரத்தில் ஒரு பொத்தானைக் கண்டுபிடித்துவிட்டது. கையேடு ஆறு மணிக்குச் சற்று முன்பாகப் பத்திரமாய்ப் போய்ச் சேர்ந்த அந்த நேரத்தில், வாத்தியார் பஞ்சு வாயோடு மேலே ஏறினார், கீழே இறங்கினார், இன்னும் கொஞ்சம் ஏறினார்.

சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பம்பு இல்லை, வாஸ்தவம்தான். ஆனால் இதைப் படிக்கும்போது நடுவில் எழுந்துபோய் மின்விசிறியை மூன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பி, மேலே அண்ணாந்து பார்த்து, மறுபடி மூன்றுக்கே வைத்துவிட்டு வந்தது யார்? சரி, சரி, உட்காருங்கள். பஞ்சு இன்னும் மிச்சமிருக்கிறதாம்.