சொல்தா காட்டிய தீவு

எங்கள் தெரு சொல்தாவைப் போலக் காரைக்காலைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதர் பிரெஞ்சுக்காரர் காலத்திலும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. சொல்தா என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். ஊரில் அப்படிப் பலர் உண்டு. எங்கள் தெருவில் அந்தப் பெயர் அவர் ஒருவருக்குத்தான். சொந்தப் பெயர் தபால்காரருக்கு மட்டும் தெரியும்.

பிரெஞ்சுக்காரர்களின் ரெயூனியன் தீவில் ஏழு வருஷம் வேலை பார்த்தவர். அவர் கைக்கடிகாரம் இன்னும் அந்தத் தீவின் நேரத்தையே காட்டும். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். மாற்றி வைக்கச் சொன்னால், "அது அங்க வாங்குனதுங்க, அந்த நேரந்தான் தெரியும்" என்பார். கல்யாண வீட்டில் தாலி கட்டும்போது அவரைப் பார்த்தவர்கள் கிடையாது. பந்தியில் பார்த்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பிலோமி அக்காவின் நாத்தனார் ஒருமுறை அந்தமான் போய்வந்து, ஒரு மணி நேரம் பெருமை பேசிவிட்டுப் போனாள். கேட்டுக்கொண்டிருந்த சொல்தாவுக்குப் பொறுக்கவில்லை.

"நம்மகிட்ட இல்லாத தீவா? அரசலாறு கடல்ல சேர்ற எடத்துல மணல்திட்டு ஒண்ணு இருக்கு. சுத்தித் தண்ணி. ஞாயித்துக்கெழம எல்லாரும் கெளம்புங்க."

என் மகள் மீனாவுக்கு அப்போது நாலு வயது. கூட்டிப் போனால் வெயில் ஒத்துக்கொள்ளுமா, போகாவிட்டால் ஏங்கிவிடுவாளா என்று மூன்று நாள் யோசித்தேன். கடைசியில் இரண்டு துண்டு, குடை, தைலம், காய்ச்சல் மாத்திரை எல்லாம் எடுத்துக்கொண்டேன். "அந்தமானுக்கே போற மாதிரி இருக்கே" என்றார் என் கணவர்.

ஞாயிற்றுக்கிழமை சொல்தாவோடு போனது மூன்று பெண்கள், ஐந்து பிள்ளைகள். ஆற்றில் கணுக்கால் அளவுதான் தண்ணீர்.

"என்னண்ணே, தீவுன்னீங்க. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு நடந்தே வந்துட்டோம்" என்றாள் பிலோமி அக்கா.

"மொதல்ல கடலப் பாருங்க மதாம்." தெருப் பெண்கள் எல்லாரும் அவருக்கு மதாம்தான்.

பார்த்தோம். உண்மையாகவே அழகாகத்தான் இருந்தது. ஒரு பக்கம் நீலக் கடல், ஒரு பக்கம் பச்சை ஆறு, எதிர்க்கரையில் சவுக்குத் தோப்பு. எல்லாவற்றையும் தானே செய்து வைத்ததுபோல் காட்டினார். "ரெயூனியன்ல எரிமல ஒண்ணு இருக்குங்க. அது ஒண்ணுதான் நம்மகிட்ட கொற."

மணலில் அடுப்பு மூட்டி மீன் சுட்டார். அன்னாசிப் பழத்தில் மிளகாயும் உப்பும் தடவிக் கொடுத்தார். வீட்டில் ஒரு இட்லிக்கு ஒரு மணி நேரம் எடுக்கும் மீனா, இரண்டு மீன் தின்றாள். முள் இருக்குமோ என்று நான்தான் சாப்பிடவில்லை.

"தண்ணி எப்ப ஏறும்?" என்று கேட்டேன்.

"மூணு மணிக்குன்னு மீன்காரங்க சொன்னாங்க. இப்ப ஒன்றரைதான்."

பத்தாவது முறையாக ஆற்றைத் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் இறங்கி வந்த இடத்தில் காலடித் தடங்களைக் காணவில்லை.

"ஒன்றரைன்னா உங்க வாட்ச்லயா?"

சொல்தா எழுந்து நாலு பக்கமும் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இப்ப சொல்லுங்க, தீவா இல்லையா?"

"தீவுதான், ஒத்துக்கிட்டோம். கரையில கொண்டு விடுங்க" என்றாள் பிலோமி அக்கா.

நாலு பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தோளில் வைத்து அக்கரை சேர்த்தார். மற்ற இரண்டு பெண்களும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள். மீனாவை மட்டும் நான் கொடுக்கவில்லை. இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றேன்.

சொல்தா வற்புறுத்தவில்லை. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு தனியாகக் கரைவரை போய்த் திரும்பினார். "பாத்தீங்களா, இடுப்புக்கு மேல இல்ல."

"நடுவுல பள்ளம் இருந்தா?"

மறுபடி போனார். இந்தத் தடவை அடிமேல் அடி வைத்து, காலால் துழாவித் துழாவி. "பள்ளம் இல்லீங்க."

"இவ யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள தண்ணி கழுத்துக்கு வந்துரும்" என்று கரையிலிருந்து பிலோமி அக்காவின் குரல் கேட்டது. இன்னொரு தடவை என்று கேட்க எனக்கே கூச்சமாக இருந்தது. நான் கேட்பதற்குள் அவர் திரும்பவும் இறங்கிவிட்டார்.

அவர் வந்ததும் மீனாவைக் கொடுத்தேன். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

கரையேறியதும், நெஞ்சுவரை நனைந்த மனிதர் அந்தத் திட்டைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். "அந்தமான்ல இப்புடி நடக்குமாங்க?"

மீனா இப்போது இரண்டாம் வகுப்பு. அவளை யார் வீட்டில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போனாலும் தெருமுனை போய்ச் சேர்வதற்குள் நாலு தடவை திரும்பிப் பார்ப்பேன். சொல்தா வீட்டில் விட்டால் பார்ப்பதில்லை.